தெரிந்த ரொட்டி

பேக்கரியின் பின்னறையில் அவளை ஒருமுறை பார்த்தவர்கள் அவளுக்குக் கிரீம் அக்கா என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்க மாட்டார்கள். புருவத்தில் ஐசிங் சர்க்கரைத் தூள், காது மடலில் ரோஸ் நிறத்தில் ஒரு தீற்றல், முழங்கையில் சாக்லேட். சுழலும் தட்டின் மேல் மொட்டை கேக் ஒன்றை வைத்து, இடது கையால் தட்டைத் திருப்பிக்கொண்டே வலது கையால் கிரீம் பையைப் பிழிந்தாள் என்றால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பைச் சுற்றி ரோஜாக்கள் வரிசை கட்டி உட்கார்ந்துவிடும். ரோஜா பிழிவதெல்லாம் ஒரு வித்தையே இல்லை என்பாள். எழுதுவதுதான் வித்தை. பிறந்தநாள்காரரின் பெயரைக் கிரீமில் எழுதும்போது கோடு நடுங்கினால் போச்சு. வழித்து எடுத்தாலும் தழும்பு நிற்கும். அவள் எழுதும்போது அறையில் யாரும் பேச மாட்டார்கள். அடுப்பு மாஸ்டர் இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவார்.

வேலையில் அத்தனை நிதானம். மற்ற நேரங்களில் வாய் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்டாக வேண்டும் அவளுக்கு. பல் பிடுங்கப் போன இடத்தில், மரத்துப்போன வாயோடு, "எந்தப் பல்லுன்னு மருந்துக்கு எப்படி டாக்டர் தெரியும்?" என்று குழறிக் கேட்டவள். லிப்ட் பழுது பார்க்க வந்தவரைக் கேள்வி கேட்டே, தப்பித்தால் போதுமென்று இரண்டு மாடி படி ஏற வைத்தவள். கட்டிக்கொண்ட புருஷன் இதற்கெல்லாம் பழகிவிட்டார். "இவளுக்குப் பதில் சொல்றதுக்குன்னே தனியா ஒரு கவுண்டர் திறக்கணும்" என்பார்.

அவர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் இருந்தார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். ஆள் ஒல்லி. சட்டையை மாட்டினால் ஆணியில் தொங்குவது போல இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. இன்னொரு குணம், கை கழுவுவது. ஊரார் கை பட்ட நோட்டையெல்லாம் நாள் முழுக்க எண்ணுகிறவர் அல்லவா, பையில் எப்போதும் ஒரு சோப்பு டப்பா இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியின் முகத்தைப் பார்க்கிறாரோ இல்லையோ, குழாயைப் பார்த்துவிடுவார்.

சாப்பாட்டுப் பண்டம் தொடுகிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒருமுறை உடம்பைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்த வருஷம் கிரீம் அக்காவின் ரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. பொறுமையாகச் சொன்னாள்.

"இது இன்னும் சுகர் இல்லம்மா. அதுக்கு முந்தின நிலை. மாத்திரை இப்ப வேண்டாம். சாப்பாட்டை மாத்துங்க, நடங்க, நல்லா தூங்குங்க. சில மாசம் கழிச்சு லேப்ல மறுபடி பாக்கலாம். நிறைய பேருக்கு இதுலயே இறங்கிடுது."

வேறு யாராவது என்றால் தலையாட்டிவிட்டு வந்திருப்பார்கள். கிரீம் அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவளுடைய அம்மாவுக்கு இதே வியாதி. யாரும் கவனிக்கவில்லை, அது சத்தமில்லாமல் போய்க் கண்ணில் உட்கார்ந்தது. கடைசி வருஷங்களில் அம்மா மகளின் முகத்தைக் கையால் தடவித்தான் "நீயாடி?" என்று கேட்டாள். அந்தக் கை முகத்தில் ஊர்ந்தது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. கண் போய்விட்டால் அவள் எப்படி எழுதுவாள்? எழுத முடியாவிட்டால் அவள் யார்?

பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் கேள்வியில் இறங்கினாள். "நடந்தா ஏன் டாக்டர் குறையுது? சர்க்கரை ரத்தத்துலதானே இருக்கு, கால்லயா இருக்கு?"

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "கால்ல இருக்கிற தசை வேலை செய்யும்போது ரத்தத்துல இருந்து சர்க்கரையை எடுத்துக்கும். உட்கார்ந்தே இருந்தா எடுத்துக்காது. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும்."

கிரீம் அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கேக்குக்குப் பாகு ஊற்றுவது போலத்தான். நல்ல கேக் குடித்துக்கொள்ளும்; குடிக்காத கேக்கில் பாகு அடியில் தேங்கி நாறும். "அப்ப என்னை நான் நல்லா குடிக்கிற கேக்கா மாத்திக்கணும், அவ்வளவுதானே?" என்று எழுந்து வந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் ஆராய்ச்சி தொடங்கியது. தட்டில் கீரையும் காய்கறியும் பருப்பும் முதலில். ரொட்டியோ சோறோ அப்புறம்தான். மைதா என்ற சொல்லே வீட்டுக்குள் வரக்கூடாது. சாப்பிட்ட கையோடு நடை. பேக்கரியில் பின்வாசல் முற்றத்தில், மாவு மூட்டைகளுக்கும் காலி டின்களுக்கும் நடுவே அவள் வளைய வருவதை மாஸ்டர் வாயைப் பிளந்து பார்ப்பார். வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பாள். புருஷன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ரெண்டு நடை போ, பாக்கி இருக்கு" என்று கத்துவார்.

நாற்காலியில் சும்மாவும் உட்கார மாட்டார். பேக்கரியில் விளிம்பு வெட்டிய கேக் துண்டுகள் மிஞ்சும். வேலைக்காரர்கள் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அதில் கிரீம் அக்காவின் பங்கு முன்பெல்லாம் அவள் வாய்க்குப் போகும். இப்போது அதுவும் அவருக்கே. அவள் தட்டிலிருந்து ஒதுக்கிய ரொட்டியும் அவருக்கே. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு பேச்சு வேறு. "உன் பங்கையும் நான் தின்னு உன்னைக் காப்பாத்துறேன். இந்தத் தியாகத்தை யாரு பேசப் போறாங்க?"

"உங்களுக்கென்ன, எவ்வளவு தின்னாலும் எங்க போகுதுன்னே தெரியல" என்று அவளும் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்து வைப்பாள். வீணாகப் போகவில்லை என்ற நிம்மதி அவளுக்கு.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்ததில் நாத்தனார் மூக்கை நுழைத்தார். புருஷனுடைய அக்கா. உலகத்தில் அவருக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது; ஆனால் அவருக்கு ஒரு வியாதியும் வந்தது கிடையாது, அதனால் எதையும் தன் மேல் போட்டுப் பார்த்ததில்லை. வரும்போதே கையில் ஒரு பாட்டில் பாகற்காய்ச் சாறும், ஊறவைத்த வெந்தயமும், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷின் ஒன்றும் கொண்டுவந்தார்.

"டாக்டர் சில மாசம் கழிச்சுப் பாருன்னு சொல்வாங்க. அதுவரைக்கும் உள்ள என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரிய வேண்டாமா? சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒரு குத்து குத்திப் பாரு. எங்க வம்சத்துல எவனுக்கும் இது கிடையாது. உங்கம்மா வழியில வந்தது. நீதான் ஜாக்கிரதையா இருக்கணும்."

வம்சப் பேச்சு சுருக்கென்றாலும் மிஷினைப் பார்த்ததும் கிரீம் அக்காவுக்குக் கோபம் மறந்துபோனது. உள்ளே நடப்பதை வெளியே காட்டும் சாமான்! "நல்லது செஞ்சீங்க அண்ணி" என்று வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து என்றால் அவள் பேக்கரியில்தான் இருப்பாள். சாமான் அறையின் ஓரமாக ஒதுங்கி, கையைத் துடைத்து, விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மிஷினின் பட்டையில் தொட்டாள். நம்பரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. டாக்டர் சொன்ன அளவைவிட எங்கேயோ மேலே நின்றது. மறுநாளும் அப்படியே. ஒருநாள் அதற்கும் மேலே.

இதில் வேடிக்கை என்னவென்றால் உடம்பு நன்றாக இருந்தது. ஏப்ரன் கயிறு முன்பெல்லாம் பின்னால் முடிச்சுப் போடவே இழுபறி. இப்போது முன்னால் கொண்டுவந்து கட்டிக்கொள்கிறாள். படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. படுத்தால் தூக்கம். உடம்பு ஒன்று சொல்கிறது, மிஷின் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது? அம்மாவும் "எனக்கு ஒண்ணும் இல்லடி, நல்லாத்தான் இருக்கேன்" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாள்?

ஆகவே ஆராய்ச்சியை முறுக்கினாள். சோற்றைக் குறைத்தாள். பழத்தை நிறுத்தினாள். ஒரு விடுமுறை நாளில் நாத்தனாரின் பாகற்காய்ச் சாற்றை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். அன்று வீட்டிலேயே பார்த்தாள், நம்பர் அழகாக இறங்கியிருந்தது! வீடே அமர்க்களப்பட்டது. நாத்தனாருக்குத் தலை கால் புரியவில்லை. தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோருக்கும் போன் போட்டுப் பாகற்காயின் புகழ் பாடினார். கிரீம் அக்கா மறுநாள் இரண்டு மடங்கு சாறு குடித்துவிட்டு வேலைக்குப் போய்ப் பார்த்தாள். நம்பர் பழையபடி மேலே. அடுத்த விடுமுறையில் சாறு குடிக்காமலே இறங்கியது. பாகற்காய் என்ன, வாரத்தில் ஒருநாள்தான் வேலைக்கு வருமா?

"பேக்கரிக் காத்துதான் காரணம்" என்று தீர்ப்புச் சொன்னார் நாத்தனார். "நாள் முழுக்கச் சர்க்கரைத் தூளை மூச்சுல இழுக்குற இல்ல? அது நேரா ரத்தத்துல போய்ச் சேருது."

கேட்க அபத்தமாக இருந்தாலும் கணக்கு ஒத்துவந்தது. வேலை நாளில் ஏறுகிறது, விடுமுறையில் இறங்குகிறது. கிரீம் அக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய்து பார்த்தாள். பயனில்லை. சாப்பாட்டை இன்னும் குறைத்ததில் ஒருநாள் சுழலும் தட்டின் முன்னால் கண் இருட்டிக்கொண்டு வந்து, மேஜையைப் பிடித்து நின்றாள். எழுதிக்கொண்டிருந்த பெயர் பாதியில் கோணிக்கொண்டு போனது. அவள் கை கோணி அந்தப் பேக்கரி பார்த்ததே இல்லை.

அன்று மாஸ்டரிடம் போய் நின்றாள். "நான் நிறுத்திக்கிறேன் மாஸ்டர். முன்னாடி கடையில பில் போடுற வேலை இருந்தா குடுங்க. இல்லேன்னா வீட்டுல இருக்கேன். கண்ணு போறதுக்குள்ள கையை நிறுத்திக்கிறது நல்லது." சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுகையை மறைக்க அவள் முயலவும் இல்லை.

மாஸ்டர் அடுப்புக் கதவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார். அதிகம் பேசாத மனுஷன். "ஏம்மா கிரீமு, அந்த மிஷின் சரியா சொல்லுதுன்னு யாரு சொன்னா?"

"மிஷின் எப்படி மாஸ்டர் பொய் சொல்லும்?"

"ஏன் சொல்லாது? நம்ம அடுப்பு முள்ளு ஒருதடவை சொல்லல? சூடு சரியா இருக்குன்னு அது சொல்லுது, உள்ள ரொட்டியெல்லாம் கரியாகுது. அப்ப நான் என்ன பண்ணேன்? தெரிஞ்ச ரொட்டி ஒண்ணை உள்ள வெச்சேன். தினமும் போடுற சாதா ரொட்டி. அது எவ்வளவு நேரத்துல எப்படிச் சிவக்கும்னு எனக்குத் தூக்கத்துலயும் தெரியும். அது தப்பா வந்தா, தப்பு ரொட்டியில இல்ல, முள்ளுலன்னு அர்த்தம். அதே மாதிரி, ஒண்ணும் இல்லாத ஆளோட விரல்ல குத்திப் பாரு."

கிரீம் அக்காவுக்கு இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. வீட்டிலேயே இருக்கிறதே தெரிந்த ரொட்டி! ஒட்டடைக்குச்சி, வம்சத்தில் எவனுக்கும் இல்லாதவர், என்ன தின்றாலும் ஒட்டாதவர்.

அன்று சாயங்காலம் அவர் வந்து, செருப்பைக் கழற்றி, குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்ததும், "ஏங்க, விரலைக் குடுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு? குத்திப் பாக்க ரத்தம் எங்க இருக்கு இந்த உடம்புல?"

"உங்களுக்கு இல்ல, மிஷினுக்கு டெஸ்ட்டு."

குத்தியபோது சின்னப் பிள்ளை போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். நம்பர் வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவளுடைய நம்பரைவிட அதிகம்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பைத்தியம் பிடிச்ச மிஷினுங்க! இத்தனை நாளா இதை நம்பி உசுரை விட்டேனே!" உடனே நாத்தனாருக்குப் போன் போட்டார்கள். "எந்தக் கடையில வாங்கினீங்க அண்ணி, உங்க தம்பிக்கே சுகர்ங்குது!" என்றாள். மறுமுனையில் நாத்தனார், "அவனுக்கா? அதைக் குப்பையில போடு முதல்ல" என்றார். அன்று புருஷன் கொண்டாட்டமாக இரண்டு பங்கு கேக்கையும் தின்றார். மிஷின் வாசலோரத்து அலமாரியில் ஏறியது. கிரீம் அக்கா மறுநாள் மாஸ்டரிடம் போய் வேலையை விடவில்லை என்று சொன்னாள். அவர் அன்றைக்கு எழுத வேண்டிய கேக்குகளை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் வீட்டில் எறும்பு வந்தது.

அவள் வேலை முடிந்து சீக்கிரமாகவே வந்துவிட்ட ஒரு சாயங்காலம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. வாசலோரத்து அலமாரியில் மிஷின் வைத்திருந்த பையை எறும்புகள் மொய்த்துக்கொண்டிருந்தன. புருஷன் இதை முன்பே பார்த்துவிட்டு, "உன் ரத்தம் அவ்வளவு இனிப்பு போல" என்று கேலி செய்திருந்தார். கிரீம் அக்கா துணியை எடுத்துத் தட்டப் போனவள் நின்றாள். எறும்புச் சாரி பையோடு நிற்கவில்லை. அங்கிருந்து சுவரில் ஏறி, ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய சாவிக்கொத்துக்கும் போயிருந்தது. அதிலும் எல்லாச் சாவிக்கும் இல்லை. அவள் விரலால் பிடித்துத் திருகும் வாசல் சாவியின் தலையில் மட்டும் ஒரே கூட்டம்.

ரத்தத்துக்கு வந்த எறும்பு என்றால் சாவிக்கு ஏன் வர வேண்டும்? சாவியில் ரத்தமா இருக்கிறது?

எறும்புகளை ஊதித் தள்ளிவிட்டு, சாவியின் தலையை நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்தாள். யாரும் முகம் சுளிக்க வேண்டாம், ருசி பார்ப்பது அவள் தொழில். இனித்தது. தன் ஆள்காட்டி விரலை நக்கிப் பார்த்தாள். அதுவும் லேசாக இனித்தது. கையைத் துடைத்துவிட்டுத்தானே வந்தேன் என்று நினைத்தாள். எதில் துடைத்தாய் என்று அடுத்த கேள்வி தானாக வந்தது.

கிரீம் வேலை செய்கிறவர்கள் எல்லோரிடமும் பக்கத்தில் ஓர் ஈரத்துணி இருக்கும். பிழியும் முனையை அதில் துடைப்பார்கள், கத்தியைத் துடைப்பார்கள், கையைத் துடைப்பார்கள். அந்தத் துணியில் துடைத்த கை அந்தத் தொழிலில் சுத்தமான கை. அப்படித்தான் அவளும் கற்றுக்கொண்டாள், இத்தனை வருஷமும் அப்படித்தான் செய்தாள். மத்தியானம் தாண்டியதும் அந்தத் துணியைப் பிழிந்தால் வருவது தண்ணீர் இல்லை, பாகு. கையைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒவ்வொரு நாளும் விரல் நுனியில் பாகைத் தடவிக்கொண்டு, அந்த விரலிலேயே குத்தி, அந்தச் சொட்டையே மிஷினிடம் கொடுத்திருக்கிறாள். அது வேறு என்ன சொல்லும்?

இருப்புக் கொள்ளவில்லை அவளுக்கு. மிஷினை எடுத்தாள். வலது கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் சோப்புப் போட்டு நுரைக்க நுரைக்கக் கழுவி நன்றாகத் துவட்டினாள். முதலில் வலது கையில் நக்காத ஒரு விரல். நம்பர் பழையபடி உச்சாணிக் கொம்பில். பிறகு இடது கை விரல். நம்பர் இறங்கி, டாக்டரம்மா சொன்ன அளவுக்குள்ளே சமர்த்தாக நின்றது. ஒரே உடம்பு, ஒரே நேரம், இரண்டு கை. பாகற்காய் விடுமுறை நாளில் மட்டும் வேலை செய்த மர்மமும் அப்போதுதான் விடுபட்டது. கீரை வேலை செய்திருக்கிறது. நடை வேலை செய்திருக்கிறது. தூக்கம் வேலை செய்திருக்கிறது. தெருவில் அவள் போட்ட நடை ஒன்றுகூட வீணாகவில்லை.

சமையலறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றி ஆடினாள். கண் பிழைத்தது, கை பிழைத்தது. மிஷின் பைத்தியம் இல்லை, நான்தான் பைத்தியம் என்று வாய்விட்டுச் சொல்லிச் சிரித்தாள். அவர் வந்ததும் எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்திச் சொல்வது என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள். காலையில் அவர் மறந்துவிட்டுப் போன அவருடைய சாவிக்கொத்து அடுத்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஓர் எறும்புகூட இல்லை.

மிஷின் பைத்தியம் இல்லை.

அவர் விரல் கழுவிய விரல். ஊரிலேயே அதைவிடச் சுத்தமான விரல் இருக்காது. குழாயடியிலிருந்து ஈரம் காயாமல் வந்து நீட்டிய விரல் அது. அதைப் பார்த்துத்தான் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அடுக்கடுக்காக எல்லாம் நினைவுக்கு வந்தன. சமீபமாக அவர் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு இல்லாமல் உட்காருவதில்லை, வெயில் என்றார். தூக்கத்தில் எழுந்து எழுந்து போகிறார். நிறையத் தண்ணீர் குடித்ததால் என்றார். பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை ஒன்று போட்டுக்கொண்டார். "பாத்தியா, நீ நடக்கிற, நான் இளைக்கிறேன்" என்றார். அதற்கும் சிரித்தார்கள். எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்கிறவள், இத்தனைக்கும் ஒரு ஏன் கேட்கவில்லை. தெரிந்த ரொட்டி அல்லவா, தெரிந்ததை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்?

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார், குழாயடிக்குப் போனார். விரல் விரலாகத் தேய்த்துக் கழுவுவதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். இத்தனை வருஷம் கேலி செய்த அந்தக் காரியத்தை அன்று பார்க்கச் சகிக்கவில்லை.

"என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"விரலைக் குடுங்க."

"மறுபடியுமா? அந்தப் பைத்தியக்கார மிஷினையா?"

அவள் விரலைப் பிடித்துக் குத்தினாள். நம்பர் வந்தது. முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல். அவர் சிரிக்கத் தொடங்கி, அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் சாவியைக் காட்டினாள், எறும்பைக் காட்டினாள், தன் இரண்டு கையையும் காட்டினாள். சொல்லி முடித்தபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசலில் உட்கார்ந்து அவளை நடக்கச் சொல்லும் அதே நாற்காலி.

"எனக்கா?" என்றார். "ஒல்லியா இருக்கிறவனுக்கும் வருமா?"

லேப்பில் இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் சோதனை அது. விரல் நுனியில் எதைத் தடவினாலும் ஏமாறாது. அவளுடையது எல்லைக்குக் கீழே இறங்கியிருந்தது. அவருடையது மேலே, நன்றாகவே மேலே.

டாக்டரம்மா அவருடைய கண்ணையும் காலையும் சோதிக்க ஏற்பாடு செய்தாள். கண் இன்னும் கெடவில்லை என்று தெரிந்தபோது கிரீம் அக்கா அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஒல்லியா இருந்தா வராதுன்னு கிடையாதுங்க. உட்கார்ந்தே வேலை, சாப்பாட்டுக்கு அளவு இல்ல, வம்சத்துலயும் இருக்கலாம்" என்றாள் டாக்டரம்மா. "உங்களுக்கு இப்ப மாத்திரை வேணும். அதை நிறுத்திட்டுச் சாறு குடிச்சுப் பாக்குற வேலை வேண்டாம். கூடவே அம்மா செஞ்சதை எல்லாம் நீங்களும் செய்யணும். அவங்களுக்கு வராம தடுத்தது எதுவோ, அதுதான் உங்களுக்கும் துணை."

வம்சத்தில் கிடையாது என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அன்று சாயங்காலம் தன் அக்காவிடம் போனில் சொன்னபோது நாத்தனாரும் அதையேதான் தொடங்கினார். பிறகு பாதியில் குரல் தேய்ந்தது. "அப்பாவும் உன்னை மாதிரித்தான்டா ஒல்லி. கடைசியில அவரு கால்ல ஒரு புண்ணு ஆறவே இல்லையே, ஞாபகம் இருக்கா? அப்ப யாரு டெஸ்ட் பண்ணிப் பாத்தா?" அதற்கு மேல் நாத்தனார் எந்த வைத்தியமும் சொல்லவில்லை. நானும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். அன்றைய கேக் துண்டுகளை அவள் பேக்கரியிலேயே மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். தட்டு போட்டவளுக்குக் கை ஓடவில்லை.

"என் பங்கையெல்லாம் உங்க தட்டுலதானே தள்ளினேன்" என்றாள். "நான் பொழைக்கணும்னு ஒவ்வொண்ணா ஒதுக்கினதை எடுத்து எடுத்து உங்களுக்கு வெச்சேனே."

"நீ எங்க வெச்ச? நான்தானே கேட்டு வாங்கித் தின்னேன்." வழக்கமான கேலி எதுவும் அவர் வாய்க்கு வரவில்லை. பிறகு தன் பையைத் துழாவிச் சோப்பு டப்பாவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "இதை நீ பேக்கரிக்கு எடுத்துட்டுப் போ. நான் வேற வாங்கிக்கிறேன்."

அவள் வாங்கிக்கொண்டாள். அவர் ரொட்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டுத் தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

"உன் பங்குக் கீரையில எனக்குக் கொஞ்சம் போடு" என்றார். "சாப்பிட்டுட்டு நடக்கலாம்."